பேர் மட்டும்தான் மாறும்

ஜனவரி 8, புதன்

கதவு 44. சைன் 2.

இந்த டயறி கம்பனி நத்தார் பண்டிகைக்குத் தந்தது. ஒவ்வொரு நாளும் எத்தனை கதவு தட்டினது, எத்தனை சைன் எடுத்தது எண்டு எழுதோணுமாம். ஜெறோமின்ர கட்டளை. ஜெறோம் எண்டது என்ர மேலாள், குருநகர் ஆள், என்னைவிடப் பதினைஞ்சு வயசு குறைவு. "அக்கா, எழுதினால்தான் முன்னேறலாம்" எண்டு எனக்குச் சொல்லுறான். நாப்பத்தெட்டு வயசில நான் எங்க முன்னேறிப் போறது?

ஊரில கரண்ட் எண்டால் ஒரே ஒரு கந்தோர். இஞ்ச சிட்னியில வெங்காயம் விக்கிற மாதிரி ஆளாளுக்கு விக்கினம். போஸ்ற் ஒண்டு, கம்பி ஒண்டு, அதுக்குள்ளால வாற கரண்டும் ஒண்டு. போஸ்ற்றையும் கம்பியையும் பாக்கிறது வேற ஒரு நிறுவனம், நாங்கள் அதைக் கம்பிக்காரர் எண்டுறது. மிச்சம் இருக்கிற முப்பது கம்பனியும் ஆர் பில் அனுப்புறது எண்டுதான் அடிபடுதுகள். மற்றக் கம்பனியில இருக்கிற வீட்டை, கடையை எங்கட கம்பனிக்கு மாத்துறதுதான் என்ர வேலை. மாறச் சம்மதிச்சால் அது ஒரு சைன்.

நான் சொல்லுறது எப்பவும் ஒண்டுதான். "கம்பியைத் தொடமாட்டம், மீற்றரைத் தொடமாட்டம். அதே கரண்ட். பில்லில பேர் மட்டும்தான் மாறும்." நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவன்.

துங்காபியும் பெண்டில் ஹில்லும் எனக்குத் தந்த ஏரியா. தமிழ் வீடுகள் கூட. செருப்பு வாசலில கிடந்தால் தட்டு எண்டு ஜெறோம் சொல்லித் தந்தவன்.

ஜனவரி 13, திங்கள்

கதவு 51. சைன் 4.

நாலு எண்டால் நல்ல நாள். ஜெறோம் குறூப்பில கை தட்டுற படம் போட்டான்.

கைதான் இந்த வேலையில முக்கியம். அதை எழுதி வைக்கிறன். ஒரு வீடு மாறச் சம்மதிச்சால், அங்க இருந்தே கம்பனிக்குப் போன் எடுத்து வீட்டுக்காரரிட்டக் குடுக்கோணும். அந்தப் பக்கம் ஒரு பெட்டை இங்கிலீசில கடகடவெண்டு அஞ்சு கேள்வி கேப்பாள். எல்லாம் றெக்கோட் ஆகும். நாங்கள் வாய் திறக்கக்கூடாது. எங்கட குரல் விழுந்தால் சைன் செல்லாது.

எங்கட சனம் பயத்தில எல்லாத்துக்கும் "யெஸ்" எண்டுங்கள். முந்தி ஒரு மாமி, கூரையில சோலார் இருக்கோ எண்டு கேக்க "யெஸ், யெஸ், தாங்க் யூ" எண்டா. இருந்தது பிளாட்டில, ரெண்டாம் மாடியில. சைன் போச்சு. அண்டைக்குத்தான் இந்த வித்தையைக் கண்டுபிடிச்சன். முன்னால இருந்து கட்டைவிரலைத் தூக்கினால் யெஸ், உள்ளங்கையைக் காட்டினால் நோ. முதல் மூண்டு கேள்விக்கும் கட்டைவிரல்: பேர் சரியோ, வீட்டுக்கு நீங்களோ பொறுப்பு, மாறச் சம்மதமோ. கடைசி ரெண்டுக்கும் உள்ளங்கை: சோலார் இருக்கோ, உயிர்காக்கிற மிஷின் ஏதும் வீட்டில இருக்கோ.

வித்தை நல்லா வேலை செய்யுது. ஜெறோம் இதை மற்றாக்களுக்கும் சொல்லிக் குடுத்தவன். "புஸ்பராணி அக்காவின்ர கை" எண்டு அதுக்குப் பேரும் வச்சிருக்கினம்.

ஜனவரி 16, வியாழன்

கதவு 19. சைன் 0. நாப்பத்திரண்டு பாகை வெயில். ஒருத்தரும் கதவு திறக்கேல்ல. நானெண்டாலும் திறக்கமாட்டன்.

ஜனவரி 21, செவ்வாய்

கதவு 38. சைன் 3.

மூண்டாவது சைன் துங்காபியில, தெய்வேந்திரம் ஐயா எண்டு ஒராள். கொடிகாமத்தில ஸ்ரேசன் மாஸ்டரா இருந்தவராம். எழுபத்தெட்டு வயசு, இப்பவும் சேட்டுக் கை மடிக்காமல் பட்டன் பூட்டித்தான் இருக்கிறார். பிள்ளையள் இல்லை. தேத்தண்ணி தந்து, மாரி பிஸ்கற்றைக் கோப்பையில வட்டமா அடுக்கிக் கொண்டுவந்து வச்சார். உள்ளறையில இருந்து "ஆரப்பா வந்திருக்கினம்?" எண்டு ஒரு பொம்பிளைக் குரல். மனுசி, கமலாசனி அம்மா. வருத்தக்காரி போல, எழும்பி வரேல்ல. "எங்கட ஊர்ப் பிள்ளை ஒண்டு" எண்டு இவர் கத்திச் சொன்னார்.

பழைய கம்பனியைப் பற்றி ஏதோ சொல்ல வெளிக்கிட்டவர். "அவங்கள் நல்லாக்கள் பிள்ளை, கரண்ட் நிக்கிறதெண்டால் முதலே போன் எடுத்து" எண்டு தொடங்க, நான் விடேல்ல. நாலே முக்கால் ஆகீட்டுது, அஞ்சு மணியோட போன் லைன் பூட்டிப்போடுவாங்கள். "ஐயா, பேர் மட்டும்தான் மாறும்" எண்டன். தலையாட்டினார்.

போனில முதல் நாலும் வடிவாச் சொன்னார். அஞ்சாவதுக்கு என்னைப் பாத்தார், அறைப் பக்கம் பாத்தார், திரும்பவும் என்னைப் பாத்தார். நான் உள்ளங்கையைக் காட்டினன். "நோ" எண்டார். முடிஞ்சுது.

வீட்டில பிரிட்ஜ் பழசு போல. ஒரே இரைச்சல்.

வரேக்க ஆறு மாம்பழம் தந்துவிட்டார். நாலு நல்லம், ரெண்டு கன்றினது.

ஜனவரி 28, செவ்வாய்

கதவு 33. சைன் 1.

பெண்டில் ஹில்லில குகனின்ர கடைக்குப் போனன். போகாமல் விட்டிருக்கலாம். பலசரக்கும் மீனும் விக்கிறவன், பதினொரு பிறீசர் ஓடுது. வீடுகளுக்கு விலை நிலையா இருக்கும். கடைகளுக்கு எங்களிட்ட இன்னொரு திட்டம் இருக்கு: சந்தையில கரண்ட் என்ன விலையோ, அதே விலை. அந்த விலை அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா மாறும். விடியப்புறம் சும்மா குடுக்கிற மாதிரி இருக்கும். வெயில் கொளுத்திற பின்னேரத்தில, ஊர் முழுக்க ஏசி போடேக்க, ஆனை விலை. பத்து மாசம் குகன் என்னைப் புகழ்ந்தவன். பதினாறாம் திகதி வெயிலோட புகழ்ச்சி நிண்டுது.

"மூண்டு மணித்தியாலம் அக்கா! போனில விலை ஏற ஏற ஒவ்வொரு பிறீசரா நிப்பாட்டிக்கொண்டு வாறன். அறக்குளா மீனும் போச்சு, இறாலும் போச்சு. பேர் மட்டும்தான் மாறும் எண்டனீங்களே, உதுவோ மாறினது?"

விலை ஏறலாம் எண்டு தாளில எழுதி இருக்கு எண்டு சொன்னன். உண்மையும் அதுதான். கோவத்தோடயே ஒரு கட்டு முருங்கையிலையைப் பையில போட்டுத் தந்தான். "வாடப்போகுது, கொண்டு போங்கோ" எண்டான்.

பின்னேரம் முருங்கையிலைச் சுண்டல். என்ர மனுசன் பகல் எல்லாம் நித்திரை, பிறகு குளிர்க் களஞ்சியத்துக்கு இரவு வேலைக்குப் போறவர். நானும் அவரும் பிரிட்ஜில ஒட்டுற துண்டிலதான் கதைக்கிறது. "சுண்டல் இருக்கு" எண்டு எழுதினன். காலமை கீழ "உப்புக் கூட" எண்டு இருக்கும்.

பெப்ரவரி 4, செவ்வாய்

கதவு 47. சைன் 3. ஜனவரிக்கு நான்தானாம் முதல் ஆள். ஒரு மேசைக் காத்தாடி தந்தவங்கள். கரண்ட் விக்கிறவனிட்ட இருந்து கரண்ட் குடிக்கிற சாமான். நல்ல பரிசு.

பெப்ரவரி 12, புதன்

கதவு 36. சைன் 2. உடுப்புத் தோச்சன். மழை வந்து திரும்பவும் தோச்சன்.

பெப்ரவரி 19, புதன்

கதவு 40. சைன் 2.

மத்தியானம் குகன் போன் எடுத்தவன். துங்காபியில தெய்வேந்திரம் ஐயாவின்ர மனுசி திங்கட்கிழமை செத்துப்போனாவாம். தெருவில போஸ்ற் மாத்த எண்டு கம்பிக்காரர் காலமை ஒன்பது மணிக்குக் கரண்டை நிப்பாட்டி இருக்கினம். ஐயா மருந்துக் கடைக்குப் போயிருந்தவராம். அவ சுவாசப்பை வருத்தக்காரி. ஒட்சிசன் மிஷினிலதானாம் நாலு வருசமா இருந்தவ. ஐயா வந்து பாக்கேக்க, அவசரத்துக்கு வச்சிருந்த சிலிண்டருக்குக் கிட்ட, நிலத்தில.

"உங்களுக்கு அவையைத் தெரியுமெல்லே அக்கா?" எண்டான் குகன்.

"ஒருக்காப் போனனான்" எண்டன்.

அதுக்குப் பிறகும் பன்ரண்டு கதவு தட்டினன். ஒரு சைன் எடுத்தன். வீட்டை வந்து போஞ்சி நறுக்கினன். எனக்கு ஒண்டும் வரேல்ல, அழுகையும் வரேல்ல, பசியும் வரேல்ல. போஞ்சியை மட்டும் நல்லாச் சின்னனா நறுக்கிப்போட்டன்.

பெப்ரவரி 22, சனி

செத்தவீடு. போனன். கதவு இல்லை, சைன் இல்லை.

கம்பனி ரீசேட்டைத் தவிர வெள்ளை உடுப்பு வேற இல்லாதபடியா என்ர மனுசனின்ர அக்காவிட்ட ஒரு சீலை வாங்கினன். ஐயா பட்டன் எல்லாம் பூட்டி நிண்டவர். என்னைக் கண்டவுடன கையைப் பிடிச்சு, "ஒரு நாள் பழக்கத்துக்கு வந்திருக்கிறீர் பிள்ளை" எண்டார். என்ர வலக்கையைத்தான் பிடிச்சவர்.

மார்ச் 1, சனி

ஜெறோம் போன் எடுத்தவன். குரல் தேன் மாதிரி இருந்தது, அப்பவே எனக்கு விளங்கீட்டுது.

ஆஸ்பத்திரியில இருந்து ஆரோ முறைப்பாடு எழுதியிருக்கினம். பழைய கம்பனியில அந்த வீடு உயிர்காக்கிற மிஷின் உள்ள வீடு எண்டு பதிஞ்சு இருந்ததாம். அப்பிடிப் பதிஞ்சால், கரண்ட் நிப்பாட்ட முதல் போன் வரும், ஆள் வரும், மாத்து ஒழுங்கு செய்வினம். கம்பனி மாறினால் புதுக் கம்பனியில திரும்பப் பதியோணும். அதுக்குத்தான் அந்த அஞ்சாவது கேள்வி. இந்த முறை தபால் பெட்டியில ஒரு அட்டை மட்டும் போட்டிருக்கினம், பீற்சா விளம்பரங்களோட.

"அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. றெக்கோடிங் கேட்டனான். 'நோ' எண்டது அவற்ற குரல். உங்கட குரல் ஒரு இடத்திலயும் இல்லை. கை சத்தம் போடாது."

என்ர மனுசன் வேலைக்கு வெளிக்கிடேக்க அவருக்குச் சொன்னன். ஒரு கிழமைக்குப் பிறகு முகம் பாத்துக் கதைச்சது. சப்பாத்துக் கட்டினபடி எல்லாம் கேட்டார். "கையை ஆர் கண்டது?" எண்டார். பிறகு வேலைக்குப் போயிட்டார்.

மார்ச் 4, செவ்வாய்

கதவு 22. சைன் 0.

இருபத்திமூண்டாவது கதவு ஐயாவின்ர. அதைக் கணக்கில சேர்க்கேல்ல.

தேத்தண்ணி தந்தார். பிஸ்கற் அடுக்கேல்ல, பைக்கற்றோட வச்சார். கம்பனி அவருக்குப் போன் எடுத்து அந்த றெக்கோடிங்கைப் போட்டுக் காட்டினதாம்.

"நான்தான் பிள்ளை 'நோ' எண்டிருக்கிறன். லைஃப் எண்டு விளங்கினது, சப்போட் எண்டு விளங்கினது. ரெண்டும் சேர்ந்தால் என்னெண்டு விளங்கேல்ல. முப்பது வருசம் இங்கிலீசில தந்தி வாசிச்சனான். என்ர இங்கிலீசுதான் அவவைக் கொண்டது."

நான் தேத்தண்ணியைக் குடிச்சன். அவர் என்ர கையைப் பாக்கேல்ல. கையை அவர் மறந்துபோனார். அல்லது மரியாதைக்குச் சொல்லாமல் விட்டார். எதெண்டு எனக்கு விளங்கேல்ல.

"மூண்டு தரம் போடச் சொல்லிக் கேட்டனான்" எண்டார். "என்ர குரல் கேக்கிறதுக்கு இல்லை. பின்னால அவவின்ர மிஷின் இரையுது. அப்ப அவ இருந்தவ."

மார்ச் 5, புதன்

வேலைக்குப் போகேல்ல. காய்ச்சல் எண்டு சொன்னன். காய்ச்சல் இல்லை.

ஜனவரி இருபத்தொண்டைத் திருப்பிப் பாத்தன். "பிரிட்ஜ் பழசு போல" எண்டு என்ர கையெழுத்தில இருக்கு.

அவற்ற பிரிட்ஜ் குசினிக்குள்ள. அது சத்தமே போடாது, நேற்றுப் பால் எடுக்கத் திறக்கேக்க பாத்தன், புதுசு. சத்தம் வந்தது அறைக்குள்ள இருந்து. அண்டைக்கே அது எனக்குத் தெரியும். கதவு கொஞ்சம் நீக்கலா இருந்தது. நிலத்தில ஒரு வெள்ளைக் குழாய் கட்டில் பக்கம் ஓடினது. ரியூசன் பிள்ளை மாதிரிப் பொய் எழுதியிருக்கிறன், அதுவும் என்ர டயறியில, எனக்கு.

நாலே முக்கால். அஞ்சு மணிக்கு லைன் பூட்டிப்போடுவாங்கள். அதுதான் காரணம். வேற ஒண்டும் இல்லை. வேற ஏதும் பெரிய காரணம் இருந்திருந்தால் நல்லா இருக்கும்.

எனக்கு வெக்கமா இருக்கு.

மார்ச் 7, வெள்ளி

கதவு 30. சைன் 0. ஒரு வீட்டில மாறச் சம்மதிச்சவை. போனைக் குடுத்துப்போட்டுக் கை ரெண்டையும் தொடைக்குக் கீழ வச்சுக்கொண்டு இருந்தன். அந்தப் பிள்ளை சோலார் கேள்விக்கு "யெஸ்" எண்டுது. சைன் போச்சு.

மார்ச் 12, புதன்

காலமை பத்து மணிக்குக் கம்பனியின்ர விசாரணைப் போன். தலைமைக் கந்தோரில இருந்து ஒரு பொம்பிளை கேக்கிறது, நான் பதில் சொல்லுறது, றெக்கோட் ஆகும். ஜெறோம் ஒன்பதரைக்கே வீட்டை வந்திட்டான். கையில கேக்.

"யெஸ், நோ மட்டும் சொல்லுங்கோ அக்கா. விளக்கம் குடுக்காதேங்கோ. நான் முன்னாலதான் இருப்பன், பயப்பிடாதேங்கோ."

சாப்பாட்டு மேசையில போனை நடுவில வச்சு, முன்னால கதிரையை இழுத்துப்போட்டு இருந்தான். மனுசன் உள்ளுக்க நித்திரை.

அந்தப் பொம்பிளை ஆறுதலாத்தான் கேட்டா. உங்கட பேர் புஸ்பராணியோ? ஜெறோம் கட்டைவிரலைத் தூக்கினான். யெஸ் எண்டன். ஜனவரி இருபத்தொண்டு அந்த வீட்டுக்குப் போனனீங்களோ? கட்டைவிரல். யெஸ். போன் கதைக்கேக்க அந்த அறையில இருந்தனீங்களோ? கட்டைவிரல். யெஸ்.

"அவர் பதில் சொல்லேக்க, எந்த விதமாவது நீங்கள் அவருக்கு உதவி செய்தனீங்களோ?"

ஜெறோம் உள்ளங்கையைக் காட்டினான்.

நான் அந்தக் கையைப் பாத்தன். என்ர கைதான் அது. விரல் ஒட்டாமல், கொஞ்சம் சரிச்சு, நான் காட்டுற மாதிரியே. இந்தப் பக்கத்துக் கதிரையில நான் இதுவரைக்கும் இருந்ததில்லை. இஞ்ச இருந்து பாக்கேக்க அது உதவி செய்யிற கை மாதிரித்தான் இருக்கு. அதைக் கண்டவுடன வாயில "நோ" தானா வருது, யோசிக்கத் தேவையில்லை. ஐயா இங்கிலீசு விளங்காமல் சொல்லேல்ல. கையை நம்பிச் சொன்னவர்.

"யெஸ்" எண்டன்.

ஜெறோம் கையை இறக்காமல் அப்பிடியே இருந்தான். பிறகு நான் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில எல்லாத்தையும் சொன்னன். கட்டைவிரல், உள்ளங்கை, ஆர் கண்டுபிடிச்சது, எத்தனை வீடு. முன்னூறுக்கு மேல இருக்கும் எண்டு சொன்னன். எல்லா வீட்டுக்கும் திரும்பவும் போன் எடுத்து அந்த அஞ்சாவது கேள்வியைத் தமிழில கேளுங்கோ எண்டும் சொன்னன். எழுதினாவோ தெரியேல்ல.

போன் வச்சாப் பிறகு ஜெறோம், "அக்கா, உங்களுக்கு விசரே?" எண்டான். "நான் உங்களுக்காகத்தானே வந்தனான்."

"தெரியும் தம்பி" எண்டன். உண்மையிலயே தெரியும்.

ரீசேட்டையும் கழுத்தில போடுற அட்டையையும் வாங்கிக்கொண்டு போயிட்டான். கேக்கை விட்டுட்டான். டயறியைக் கேக்க மறந்திட்டான்.

பின்னேரம் அவர் எழும்பி வந்து கேக் சாப்பிட்டார். வேலை போச்சு எண்டு சொன்னன். தலையாட்டினார். நான் நினைச்சன் பேசுவார் எண்டு. என்ர கோப்பையையும் சேர்த்துக் கழுவி வச்சுப்போட்டு வேலைக்குப் போனார்.

மார்ச் 17, திங்கள்

குகன் கேள்விப்பட்டிட்டான். கடையில ஆளில்லாத நேரம் பாத்து, "ஐயாவுக்குச் சொல்லிப் போட்டியளோ?" எண்டான்.

கம்பனிக்குச் சொல்லிப்போட்டன் எண்டன்.

"நான் கேட்டது ஐயாவுக்கு" எண்டான்.

மார்ச் 19, புதன்

இண்டைக்குக் கமலாசனி அம்மாவின்ர முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியை. கோயில் மண்டபத்தில சனம். நான் போகேல்ல. சனத்துக்க நிண்டு சொல்லுற கதை இல்லை இது.

மார்ச் 20, வியாழன்

காலமை பத்தரைக்குத் துங்காபிக்குப் போனன். வாசலில ஒரு சோடி செருப்பு. முந்தி ரெண்டு சோடி கிடந்தது, நான் கண்டனான்.

தட்டினன். திறந்தார். "வாரும் பிள்ளை, நேற்று உம்மைத் தேடினனான்" எண்டார். தேத்தண்ணி வைக்கப் போனவரை, "வேண்டாம் ஐயா, இருங்கோ" எண்டன்.

அண்டைக்கு நான் இருந்த கதிரையில இருந்தன். அவரும் அவர் இருந்த கதிரையில இருந்தார். சொன்னன். கையைத் தூக்கிக் காட்டியே சொன்னன். இது யெஸ், இது நோ, அஞ்சாவதுக்கு நான் இதைக் காட்டினனான், நீங்கள் என்னைப் பாத்துத்தான் சொன்னனீங்கள், உங்கட இங்கிலீசில ஒரு பிழையும் இல்லை எண்டன். என்ர குரல் நடுங்கேல்ல. நடுங்கியிருக்கலாம்.

அவர் என்ர கையையே பாத்துக்கொண்டு இருந்தார். பிறகு எழும்பி அறைக்குள்ள போனார். கட்டிலில விரிப்பு இல்லை. மிஷின் அதே இடத்தில இருந்தது, ஆஸ்பத்திரிக்காரர் நாளைக்குத்தான் எடுக்க வருவினமாம். குனிஞ்சு சுவிச்சைப் போட்டார்.

இரையத் தொடங்கிச்சுது. அதே சத்தம்.

அறை வாசலில நிண்டு, ஸ்ரேசனில அறிவிக்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லா நிப்பாட்டிக் கேட்டார். "இந்தச் சத்தம், அண்டைக்கு, உமக்குக் கேட்டதோ?"

என்ர ரெண்டு கையும் மடியில கிடந்தது. அவற்ற கையைப் பாத்தன். அது கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தது, ஒண்டும் காட்டேல்ல.

"கேட்டது ஐயா" எண்டன்.

அவர் தலையாட்டினார். மிஷினை நிப்பாட்டேல்ல. கட்டிலுக்குப் பக்கத்தில இருந்த கதிரையில போய் இருந்தார், என்ர பக்கம் திரும்பேல்ல. கொஞ்ச நேரம் இருந்து பாத்துப்போட்டு எழும்பி வந்தன். கதவை நானே சாத்தினன். ரோட்டுக்கு வரும்வரைக்கும் கேட்டது.

கதவு 1.